பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல செல்ஃப் மோட்டாரை கழட்டுறது எப்படி? முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

செல்ஃப் மோட்டாரை (ஸ்டார்ட்டர்னும் சொல்வாங்க) வண்டில பிடிச்சு நிறுத்துறது பெரும்பாலும் ரெண்டே ரெண்டு போல்ட்தான், கூட ஒரு தடிச்ச கேபிள், அப்புறம் வண்டியைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு சின்ன வயர். கேக்கும்போது அரை மணி நேர வேலை மாதிரி தெரியும். ஆனா ஸ்போர்ட்ஸ் கார்ல பானட் தாழ்வா இருக்கும், இன்ஜின் பே குறுகலா இருக்கும், மேல் போல்ட் எப்பவுமே கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துலதான் இருக்கும். அதனால நேரம் பூரா போறது அந்த ஒரு மேல் போல்ட்டுக்குத்தான், மத்ததெல்லாம் அதுக்கு வழி பண்றதுதான். இத முதல்லயே மனசுல வச்சுக்கிட்டா பாதி எரிச்சல் குறைஞ்சிடும், அவசரப்பட்டு போல்ட் தலைய வட்டமாக்கிட்டு உக்கார வேண்டியதும் வராது.

உதாரணத்துக்கு எம்ஜிபிங்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கறேன். 1962ல இருந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேல செஞ்ச வண்டி, புதுசா கை வைக்கிற நிறைய பேர் கைல இருக்கிறதும் இதுதான். ட்ரையம்ஃப், ஜாகுவார், ஆல்ஃபா, டட்சன்னு எது வச்சிருந்தாலும் வேலையோட வரிசை இதேதான், இடமும் போல்ட் சைஸும்தான் மாறும். உங்க வண்டியோட வொர்க்‌ஷாப் மேனுவல் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

கழட்டுறதுக்கு முன்னாடி: நிஜமாவே செல்ஃப்லதான் கோளாறா?

இது ரொம்ப முக்கியம், ஏன்னா பழைய வண்டில "செல்ஃப் போச்சு"ன்னு கழட்டுற மோட்டார்ல நிறைய நல்லாவே இருக்கும், கோளாறு கேபிள்லயோ எர்த்லயோ இருக்கும். மோட்டாரை கஷ்டப்பட்டு கழட்டி, வெளில வச்சு பேட்டரி குடுத்தா ஜம்முனு சுத்தும், திரும்ப மாட்டினா பழையபடி டிக்குனு ஒரு சத்தம் மட்டும் வரும்.

முதல்ல பேட்டரி. வண்டி ஓடாம சும்மா நிக்கும்போது மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். 12.2க்கு கீழ இருந்தா முதல்ல சார்ஜ் போடுங்க, மத்த டெஸ்ட் எல்லாம் அப்புறம். ஹெட்லைட்டை போட்டுட்டு சாவியை திருப்புங்க. லைட் அப்படியே மங்கி போச்சுன்னா பேட்டரில தெம்பு இல்ல, இல்லன்னா எங்கயோ கனெக்‌ஷன் சரியில்ல, இல்லன்னா மோட்டார் ஜாம் ஆகி கரண்டை இழுக்குதுன்னு அர்த்தம். லைட் கொஞ்சமும் மங்காம, சத்தமும் வராம இருந்தா கரண்ட் மோட்டாருக்கே போகல, சொலினாய்டு (சாவி திருப்பினதும் மோட்டாருக்கு பெரிய கரண்டை விடுற ஸ்விட்ச்), சாவி ஸ்விட்ச், அந்த வயர் இதுல பாக்கணும்.

அடுத்தது வோல்டேஜ் டிராப். காயில் வயரை பிடுங்கிட்டா இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம சுத்த மட்டும் செய்யும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். மீட்டரோட ஒரு முனை பேட்டரியோட எர்த் இல்லாத பக்கத்து முளைல (கிளாம்ப்ல இல்ல, ஈய முளைலயே), இன்னொரு முனை ஸ்டார்ட்டர்ல கேபிள் வந்து சேர்ற டெர்மினல்ல, ஒருத்தர் சாவியை திருப்பணும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா வழில எங்கயோ வோல்டேஜ் வீணாகுது. அதே மாதிரி ஸ்டார்ட்டரோட பாடிக்கும் பேட்டரி எர்த் முளைக்கும் நடுவுல பாருங்க, இது இன்னும் கம்மியா, 0.2 இல்ல 0.3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். கடைசியா ஸ்டார்ட்டர் டெர்மினலுக்கும் அதோட பாடிக்கும் நடுவுல, இன்ஜினை சுத்த வைக்கும்போது சுமார் 9.6 வோல்ட்டாவது வரணும். அது வந்தும் மோட்டார் சோம்பலா சுத்துது, இல்ல சுத்தவே இல்லன்னா அப்பதான் மோட்டாரை கழட்ட காரணம் இருக்கு.

எர்த் ஸ்ட்ராப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கிறதால பாடிக்கும் அதுக்கும் நேரடி தொடர்பு கிடையாது, ஒரு பின்னல் கம்பி பட்டைதான் ரெண்டையும் இணைக்குது. அது துரு பிடிச்சோ அறுந்தோ போனா செல்ஃபோட அத்தனை கரண்டும் வேற வழி தேடும், சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் இப்படி எது கிடைச்சாலும் அது வழியா போகும். சாவிய திருப்பின உடனே சோக் கேபிளை தொட்டுப்பாத்தா சுடுதுன்னா செல்ஃபை விட்டுட்டு ஸ்ட்ராப்பை மாத்துங்க. இன்ஜின் பின்னாடி இருக்கிற ஏர் கூல்டு போர்ஷே 911ல பேட்டரி முன்னாடி, ஸ்டார்ட்டர் பின்னாடி கியர்பாக்ஸ் பக்கம், அதனால கேபிளும் நீளம், கியர்பாக்ஸ் எர்த் ஸ்ட்ராப்பும் கார் அடியில தண்ணி படுற இடத்துல, அங்க முதல் சந்தேகம் அதுமேலதான் வரணும்.

உங்க வண்டில இருக்கிறது எந்த வகை?

ரெண்டு வகை இருக்கு, கழட்டுற வேலையே இதனால கொஞ்சம் மாறும்.

பழசு இனர்ஷியா வகை. மோட்டார் மட்டும் தனியா இன்ஜின்ல இருக்கும், சொலினாய்டு தள்ளி இன்ஜின் பே பக்கவாட்டுலயோ பல்க்ஹெட்லயோ (இன்ஜினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர்) இருக்கும். மோட்டாருக்கு வர்றது ஒரே ஒரு தடி கேபிள். மோட்டார் படக்குனு சுத்தும்போது பினியன் (மோட்டார் ஷாஃப்ட்ல இருக்கிற சின்ன பல் சக்கரம்) திருகு மரைல ஏறி ஃப்ளைவீல் பல்லுல போய் கோத்துக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி தள்ளிவிடப்படும். பெண்டிக்ஸ்னு சொல்றது இதத்தான்.

அடுத்தது ப்ரீ-என்கேஜ்டு. சொலினாய்டு மோட்டார் முதுகு மேலயே உக்காந்திருக்கும், அது முதல்ல ஒரு நெம்புகோல் வழியா பினியனை பல்லுல கோத்துட்டுதான் மோட்டாருக்கு முழு கரண்டை விடும். எம்ஜிபில 1967 கடைசில வந்த மார்க் 2ல இருந்து இந்த வகைதான். அதே சமயத்துலதான் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துச்சு, எர்த்தும் பாசிட்டிவ்ல இருந்து நெகட்டிவ்க்கு மாறுச்சு.

இனர்ஷியா வகைக்கு ஒரு விஷயம்: பினியன் சில சமயம் ஃப்ளைவீல் பல்லுல சிக்கிக்கும், அப்ப டிக்குனு ஒரு சத்தத்தோட எல்லாம் நின்னுடும். மோட்டாரோட பின் முனைல, சின்ன மூடிக்கு கீழ, ஷாஃப்ட் முனை சதுரமா வெட்டியிருக்கும். ஸ்பானர் போட்டு அத திருப்பினா பினியன் விடுபட்டு வந்துடும். கை எட்டலன்னா இக்னிஷனை ஆஃப் பண்ணி, டாப் கியர்ல போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினாலும் விடும். எப்பவாவது ஒரு தடவை இப்படி ஆனா அதோட விட்டுடலாம், அடிக்கடி சிக்கினா கழட்டி பினியனையும் ரிங் கியரையும் (ஃப்ளைவீலை சுத்தி இருக்கிற பல் வளையம்) பாக்கணும்.

என்னென்ன வேணும்

ஆறு மூலை சாக்கெட் செட். பன்னெண்டு மூலை சாக்கெட் இறுகின போல்ட் தலைல வழுக்கும், அத இந்த வேலைக்கு எடுக்காதீங்க. நீள எக்ஸ்டென்ஷன் ராடு ரெண்டு மூணு, எல்லாம் சேத்து அரை மீட்டருக்கு மேல வர்ற மாதிரி, ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், ரிங் ஸ்பானர், நல்ல டார்ச், சின்ன கண்ணாடி, கம்பி பிரஷ், துரு இளக்குற பெனட்ரேட்டிங் ஆயில். அப்புறம் ஜாக்கி, ரெண்டு ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு கட்டை.

போல்ட் அளவு விஷயத்துல கவனமா இருங்க. எம்ஜிபி மாதிரி 60, 70கள்ல வந்த பிரிட்டிஷ் வண்டில இன்ச் அளவு ஏஎஃப் ஸ்பானர் (போல்ட் தலையோட எதிரெதிர் பக்கத்துக்கு நடுவுல அளக்கிற அளவு), செல்ஃப் போல்ட்டுக்கு பெரும்பாலும் 9/16. மில்லிமீட்டர்ல இது 14.3 வரும், அதனால 14 உள்ள போகாது, 15 போட்டா லூஸா உக்காந்து தலைய தின்னுடும். அதுக்கும் முந்தின வண்டினா விட்வொர்த்ங்கிற பழைய பிரிட்டிஷ் அளவு வரும். எம்ஜி டிசி, டிடி காலத்து எக்ஸ்பிஏஜி இன்ஜின்ல இன்னும் விசேஷம், மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் விட்வொர்த் ஸ்பானருக்கு. அந்த மாதிரி வண்டில புது போல்ட் வாங்கும்போது தலைய பாத்து வாங்காதீங்க, பழைய போல்ட்டை கொண்டு போய் மரையை வச்சு பாத்து வாங்குங்க.

நாளைக்கு கழட்டப் போறீங்கன்னா இன்னைக்கு ராத்திரியே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊற விட்டுடுங்க. போல்ட் தலைல மட்டும் அடிச்சா பிரயோஜனமில்ல, மரை வெளில தெரியுற மறுபக்கத்துலயும் அடிக்கணும். கிளட்ச் ஹவுசிங் பக்கத்துல இருக்கிறதால கண்டபடி அடிக்காம, மெல்லிய குழாய் மாட்டி அளவா அடிங்க, ஆயில் உள்ள போய் கிளட்ச் பிளேட்ல பட்டா வழுக்க ஆரம்பிச்சிடும்.

பேட்டரியை கழட்டுறது

எந்த வண்டியா இருந்தாலும் எர்த் பக்கத்தைதான் முதல்ல கழட்டணும். பழைய பிரிட்டிஷ் வண்டில எர்த் பாசிட்டிவா இருக்கும், அதனால "மைனஸை முதல்ல கழட்டு"ன்னு மனப்பாடமா செய்யாதீங்க, எந்த கேபிள் பாடில போய் முடியுதோ அதுதான் எர்த், கண்ணால பின்தொடர்ந்து பாத்து உறுதி பண்ணுங்க. காரணம் சுலபம்: எர்த் பக்கம் கழட்டும்போது ஸ்பானர் பாடில பட்டாலும் ஒண்ணும் ஆகாது, ரெண்டும் ஒரே இடம். மறுபக்கத்தை முதல்ல கழட்டி ஸ்பானர் பாடில பட்டா நூத்துக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியா பாயும், ஸ்பானர் சிவக்கும், கை வேகும், பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் வாயு இருந்தா வெடிக்கவும் செய்யும். மோதிரம், உலோக வாட்ச் ஸ்ட்ராப் இருந்தா இப்பவே கழட்டி வச்சிடுங்க.

எம்ஜிபில பேட்டரியைத் தேடி பானட்டைத் திறக்காதீங்க. சீட்டுக்குப் பின்னாடி தரைல ஒரு மூடி இருக்கும், அதுக்கு கீழ. 1974 வரைக்கும் வந்த வண்டில ரெண்டு 6 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல இருக்கும், ரப்பர் பம்பர் வந்தப்புறம் ஒரே 12 வோல்ட். கழட்டின கேபிள் தானா திரும்ப போய் முளைல படாம துணி சுத்தி ஓரமா கட்டி வைங்க.

வண்டியை தூக்குறது

மேல இருந்து மட்டும் வேலை முடியுற வண்டியும் இருக்கு, ஆனா பெரும்பாலும் கீழ இருந்தும் ஒரு கை வேணும். சமதளமான, கெட்டியான தரைல நிறுத்துங்க, ஹேண்ட்பிரேக் போட்டு பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. எம்ஜிபில முன் கிராஸ்மெம்பர்ல ஜாக்கி குடுத்து தூக்கி, ஸ்டாண்டை கெட்டியான சட்டத்துக்கு கீழ வைங்க, ஃப்ளோர் தகட்டுலயோ வெளி சில்லுலயோ (கதவுக்கு கீழ நீளமா போற தகடு) வைக்கவே கூடாது, பழைய வண்டில அந்த தகடு உள்ளுக்குள்ள எவ்ளோ துரு தின்னிருக்குன்னு வெளில இருந்து தெரியாது. ஸ்டாண்டுல இறக்கின பிறகு வண்டியை கையால நல்லா தள்ளி ஆட்டிப் பாருங்க, அசையலன்னா மட்டும் உள்ள போங்க. வெறும் ஜாக்கில நிக்கிற வண்டிக்கு கீழ ஒரு நிமிஷம்கூட தலைய விடாதீங்க.

வயர் கழட்டுறது

முதல்ல ஃபோட்டோ. ரெண்டு மூணு கோணத்துல, டெர்மினல் தெளிவா தெரியுற மாதிரி. அப்புறம் ஒவ்வொரு வயருக்கும் மாஸ்கிங் டேப்ல பேர் எழுதி ஒட்டுங்க.

இனர்ஷியா வகைல ஒரு கேபிள்தான், குழப்பமே இல்ல. ப்ரீ-என்கேஜ்டுல சொலினாய்டு மூடில பெரிய ஸ்டட் ரெண்டு இருக்கும். ஒண்ணுல பேட்டரி கேபிள் வரும், கூடவே பழுப்பு நிற வயர்களும் இருக்கும், வண்டியோட மத்த மின்சாரம் எல்லாம் இங்க இருந்துதான் கிளம்புது, ஆல்டர்னேட்டர் சார்ஜும் இங்கதான் வந்து சேருது. அதனால திரும்ப மாட்டும்போது இந்த பழுப்பு வயரை மறந்துட்டா வண்டில ஒரு பல்புகூட எரியாது. இன்னொரு பெரிய ஸ்டட்ல இருந்து ஒரு குட்டி செம்பு இணைப்பு மோட்டாருக்குள்ள போகும், அத இப்ப தொட வேண்டாம். சின்ன பிளேடு டெர்மினல்ல வர்ற, பெரும்பாலும் வெள்ளை சிவப்பா இருக்கிற வயர், சாவியைத் திருப்பும்போது கரண்ட் வர்றது. கடைசி வருஷ வண்டிகள்ல இன்னொரு சின்ன வயர் கூடுதலா இருக்கும், ஸ்டார்ட் பண்ற நேரத்துல மட்டும் காயிலுக்கு முழு வோல்டேஜ் குடுக்க அது. லூகாஸ் கம்பெனி வயரிங் இருக்கிற வண்டிக்கு இந்த கலர் பொருந்தும், ஆனா இவ்ளோ வருஷத்துல யார் யாரோ கை வச்ச வண்டில கலரை மட்டும் நம்பாதீங்க, ஃபோட்டோவை நம்புங்க.

அந்த பெரிய நட்டை கழட்டுறதுல ஒரு நுணுக்கம். ஸ்டட் செம்பு, மென்மையானது. அது உக்காந்திருக்கிற சொலினாய்டு மூடி பேக்கலைட், பழசானா மொறுமொறுன்னு ஆயிடும். நட் இறுகிப் போயிருந்து நீங்க பலமா திருப்பினா நட்டுக்கு பதிலா ஸ்டட்டே சேந்து சுத்தும், மூடி விரிசல் விடும், உள்ள இருக்கிற வயர் அறுந்துடும். கீழ இன்னொரு நட் இருந்தா அத ஒரு ஸ்பானர்ல பிடிச்சுக்கிட்டு மேல் நட்டை மட்டும் இளக்குங்க. இல்லன்னா ஆயில் விட்டு, கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி இளக்கி அப்படியே பொறுமையா எடுக்கணும். இங்க சாக்கெட்டை விட சின்ன ஸ்பானர் நல்லது, எவ்ளோ பலம் குடுக்கிறோம்னு கைக்கு தெரியும்.

வழி பண்ணுங்க

எம்ஜிபில செல்ஃப் இன்ஜினோட வலது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் ஃபில்டரும் இருக்கிற அதே பக்கம். கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மறுபக்கம், அதனால அந்த சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மேல் போல்ட்டுக்கு குறுக்க நிக்கிறது டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டை பிரிச்சு அனுப்புறது). சிலருக்கு மூடிய மட்டும் கழட்டி ஓரமா வச்சாலே இடம் போதும், பலருக்கு டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்தாதான் கை போகும்.

புதுசா செய்றவங்க டைமிங் (பிளக்ல பொறி வர்ற நேரம்) போயிடுமோன்னு இங்க பயப்படுவாங்க. பயப்பட வேண்டியதில்ல, எந்த ஸ்க்ரூவை தொடுறீங்கங்கிறதுதான் விஷயம். டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்ட்டை தொடாதீங்க, அதுதான் டைமிங்கை வச்சிருக்கு. அந்த கிளாம்ப் தகட்டை இன்ஜின் பிளாக்கோட சேத்து வச்சிருக்கிற ரெண்டு சின்ன ஸ்க்ரூவை மட்டும் கழட்டினா டிஸ்ட்ரிபியூட்டர் தகட்டோட சேந்து அப்படியே மேல வந்துடும். அதோட அடி முனைல இருக்கிற பல் நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி வெட்டியிருக்கும், அதனால திரும்ப போடும்போது ஒரே நிலைலதான் உள்ள உக்காரும். இருந்தாலும் எடுக்கிறதுக்கு முன்னாடி ரோட்டர் எந்த திசைய பாக்குதுன்னு பிளாக்ல ஒரு சாக்பீஸ் கோடு போட்டுடுங்க, பிளக் வயர் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் ஒட்டுங்க. ஓட்டைய துணியால அடைச்சு வைங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தாலும் பெரிய தலைவலி. டிஸ்ட்ரிபியூட்டர் வெளில இருக்கும்போது இன்ஜினை சுத்தக்கூடாது. ரிங் கியரைப் பாக்க இன்ஜினை சுத்த வேண்டி வரும்னு பின்னாடி சொல்லியிருக்கேன், அந்த நேரத்துல டிஸ்ட்ரிபியூட்டரை தற்காலிகமா திரும்ப உக்கார வச்சுக்கங்க, இன்ஜின் ஒரு முழு சுத்து சுத்தினா ரோட்டர் அரைச் சுத்துதான் போகும், அதனால மறுபடி எடுக்கிறதுக்கு முன்னாடி பழைய கோட்டை அழிச்சுட்டு புதுசா போட்டுக்கங்க.

போல்ட்

கீழ் போல்ட்டை முதல்ல இளக்குங்க, ஆனா முழுசா கழட்டாதீங்க. வண்டிக்கு கீழ இருந்து ரிங் ஸ்பானர்ல சுலபமா கிடைக்கும். முழுசா எடுத்துட்டா மோட்டார் மேல் போல்ட்ல மட்டும் தொங்கி, அந்த போல்ட் மரைல சாய்ஞ்சு இறுகிடும், அப்புறம் அது கழல மாட்டேங்கும். அதனால ரெண்டையும் இளக்கிட்டு, மேல் போல்ட்டை முழுசா எடுத்துட்டு, கடைசியா கீழ் போல்ட், இந்த வரிசைலயே போங்க.

மேல் போல்ட். முதல்ல கண்ணாடியும் டார்ச்சும் வச்சு தலை எங்க இருக்கு, எந்த பக்கம் பாக்குதுன்னு பாத்துக்கங்க. சுத்தி இருக்கிற ஆயில் மண்ணை கம்பி பிரஷ்ல சுரண்டி எடுங்க, தலைய சுத்தி மண் இருந்தா சாக்கெட் பாதிதான் உக்காரும், பாதி உக்காந்த சாக்கெட் வழுக்கத்தான் செய்யும். ராட்செட்டை போல்ட் பக்கத்துலயே கொண்டு போகப் பாக்காதீங்க, அங்க ஆட்ட இடமே கிடையாது. எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் சேத்து மாட்டி, சாக்கெட்டை மட்டும் உள்ள அனுப்பி, ராட்செட் இன்ஜின் முன்பக்கம் வெட்டவெளில இருக்கிற மாதிரி வச்சுக்கங்க. ஒரு கையால சாக்கெட்டை போல்ட் தலைல அமுக்கிப் பிடிக்கணும், இன்னொரு கையால திருப்பணும். சாக்கெட் நேரா நிக்கலன்னா யுனிவர்சல் ஜாயின்ட் போடலாம், ஆனா ஜாயின்ட் ரொம்ப மடங்கினா பலம் பூரா பக்கவாட்டுல போயிடும், லேசான கோணத்துக்கு மட்டும் வைங்க. ஜாயின்ட்டை சுத்தி டேப் ஒட்டினா தொங்காம விறைப்பா நிக்கும், கண்ணு தெரியாத இடத்துல கொண்டு போய் மாட்ட அது பெரிய உதவி.

சில வண்டில போல்ட்டுக்கு பின்னாடி தனியா நட் இருக்கும். அப்ப ஒருத்தர் பின்னாடி ஸ்பானர் பிடிச்சாகணும், போல்ட் சும்மா சுத்திக்கிட்டே இருந்தா காரணம் அதுதான்.

இறுகிப் போய் வரவே இல்லன்னா நேரா இழுத்து மல்லுக்கட்டாதீங்க. முதல்ல இறுக்குற திசைல லேசா ஒரு தட்டு, துரு பிடி விடும், பிறகு இளக்குற திசைல. எக்ஸ்டென்ஷன் முனைல சுத்தியால ரெண்டு தட்டு தட்டினாலும் அந்த அதிர்வுல மரை விடும். மறுபடி ஆயில், மறுபடி ஒரு மணி நேரம். லேசா அசைஞ்ச பிறகு ஒரு அரைச் சுத்து இளக்கி, கால் சுத்து இறுக்கி, மரைல இருக்கிற துருத்தூள் வெளில வர வழி குடுத்துக்கிட்டே எடுங்க. பழைய போல்ட் முறியுறது பெரும்பாலும் "இளகிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டு ஒரே இழுவைல சுத்தும்போதுதான். காஸ் டார்ச் எடுத்து சூடு காட்டுறத இங்க விட்டுடுங்க, பெட்ரோல் குழாயும் ஆயில் படிஞ்ச அழுக்கும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு.

வெளில எடுக்கிறது

பழைய மோட்டார் ஏழெட்டு கிலோ இருக்கும், இடுக்குல ஒத்தைக் கையால பிடிக்கும்போது அதுவே ரெண்டு மடங்கா தெரியும். கடைசி போல்ட் வர்றதுக்கு முன்னாடி அடில ஒரு மரக்கட்டையோ ஜாக்கியோ முட்டுக் குடுங்க, முகத்துக்கு நேரா கீழ படுத்துக்கிட்டு கழட்டாதீங்க. கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கங்க, மேல இருந்து மண்ணும் துருவும் கொட்டும்.

மோட்டாரை முதல்ல நேரா முன்பக்கம் இழுக்கணும், பினியன் இருக்கிற மூக்குப் பகுதி ஹவுசிங்ல இருந்து முழுசா வெளில வந்த பிறகுதான் சாய்க்கணும். வராம ஒட்டிக்கிட்டா ஒரு மரக்கட்டை வச்சு லேசா தட்டுங்க, அலுமினிய ஹவுசிங்ல ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. வலது பக்கம் ஸ்டீயரிங் இருக்கிற எம்ஜிபில ஸ்டீயரிங் ராடும் அந்தப் பக்கமே இறங்குறதால மோட்டாரை கொஞ்சம் உருட்டி, சொலினாய்டு எந்தப் பக்கம் திரும்பினா வழி கிடைக்குதுன்னு பாத்து எடுக்கணும். கீழ வழி இல்லன்னா மேல, டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்த இடம் வழியா வரும்.

மோட்டாருக்கும் ஹவுசிங்க்கும் நடுவுல மெல்லிய தகடோ பேக்கிங்கோ இருந்தா அத பத்திரமா எடுத்து வைங்க. ட்ரையம்ஃப் வண்டிகள்ல இது சகஜம். பினியனுக்கும் ரிங் கியருக்கும் உள்ள தூரத்தை அதுதான் தீர்மானிக்குது, அத விட்டுட்டு மாட்டினா பல் சிக்கும்.

வெளில வந்ததும் பாக்க வேண்டியது

அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு ரிங் கியர் பல்லைப் பாருங்க. இந்த வாய்ப்பு திரும்ப கிடைக்காது. ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிட்டு, கிராங்க் புல்லி நட்டுல ஸ்பானர் போட்டு இன்ஜினை மெதுவா ஒரு முழு சுத்து சுத்தி எல்லா பல்லையும் பாக்கணும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஆஃப் ஆகும்போது பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிரா இருக்கிற ரெண்டே இடத்துலதான் வந்து நிக்கும், ஆறு சிலிண்டர்னா மூணு இடம். பினியன் எப்பவும் அந்த இடத்துல வந்தே இடிக்கிறதால தேய்மானமும் அங்கதான் இருக்கும், அங்க இங்க ரெண்டு பல் பாத்துட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. பல் முனை லேசா மழுங்கியிருந்தா ஓடும். பாதிப் பல்லே இல்லன்னா புது மோட்டார் போட்டாலும் அது சீக்கிரமே நாசமாகும், ரிங் கியர் மாத்த இன்ஜினை இறக்கணும்.

ஹவுசிங் உள்ள இருக்கிற கறுப்புத் தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க. பழைய கிளட்ச் பிளேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால துடைச்சு எடுங்க, மாஸ்க் போட்டுக்கங்க.

மோட்டாரை டெஸ்ட் பண்ண வைஸ்ல கெட்டியா பிடிச்சுக்கங்க, தரைல வச்சு கரண்ட் குடுத்தா எகிறிக் குதிச்சு உருளும். ஜம்பர் கேபிள்ல எர்த்தை மோட்டார் பாடிக்கு, மறுமுனைய டெர்மினலுக்கு. ப்ரீ-என்கேஜ்டுனா பெரிய கேபிளை பேட்டரி ஸ்டட்ல மாட்டிட்டு சின்ன பிளேடுக்கு ஒரு வயரால கரண்ட் தொட்டா பினியன் வெளில பாய்ஞ்சு மோட்டார் சுத்தணும். விரலை பினியன் பக்கம் கொண்டு போகாதீங்க, சில வினாடிக்கு மேல ஓட்டாதீங்க. லோடு இல்லாம சுத்துறது மட்டும் மோட்டார் நல்லா இருக்குன்னு சொல்ல போதாது, ஆனா இங்கயே சோம்பினா, இல்ல கர்ருனு சத்தம் போட்டா சந்தேகமே வேண்டாம்.

இனர்ஷியா பினியன் வழவழன்னு நகரலன்னா மண்ணெண்ணெய்ல கழுவி உலர விடுங்க. அதுல கிரீஸோ ஆயிலோ போடாதீங்க, கிளட்ச் தூசி அதுல ஒட்டி பசை மாதிரி ஆகி பினியன் மறுபடி சிக்கும். கம்யூட்டேட்டர் (மோட்டார் உள்ள பிரஷ் உரசுற செம்புப் பட்டை உருளை) கறுத்திருந்தா தேய்க்க மெல்லிய கிளாஸ் பேப்பர் போதும், எமரி தாள் வேண்டாம், அதோட துகள் கரண்டை கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவுல போய் உக்காந்தா ஷார்ட் ஆகும்.

வேற மோட்டார் வாங்குறதா இருந்தா பழைய மோட்டார் மேல முத்திரையா அடிச்சிருக்கிற நம்பரை பாத்து வாங்குங்க. இனர்ஷியா வகை இருந்த இடத்துல ப்ரீ-என்கேஜ்டை அப்படியே மாட்டிட முடியாது, பினியன் பல்லுக்குள்ள வர்ற விதமும் ரிங் கியரும் வேற. கியர் ரிடக்‌ஷன் மோட்டார் இப்ப நிறைய வண்டிக்கு கிடைக்குது, எடை குறைவு, கம்மி கரண்ட்ல வேகமா சுத்தும். உங்க ஃப்ளைவீலுக்கு பொருந்துறதான்னு கேட்டு உறுதி பண்ணிட்டு வாங்கினா நல்ல மாற்றம்தான்.

திரும்ப மாட்டுறது

கழட்டின வரிசையோட தலைகீழ்தான், ஆனா நாலு விஷயம் கவனிக்கணும். மோட்டாருக்கு தனி எர்த் வயர் கிடையாது, அதோட பாடி இன்ஜின்ல முட்டுற இடம்தான் எர்த், அதனால ரெண்டு பக்க முகத்தையும் உலோகம் மின்னுற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க, அழகுக்காக பெயின்ட் அடிச்சிருந்தா அந்த இடத்துல மட்டும் சுரண்டி எடுத்துடுங்க. போல்ட் மரைல லேசா ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் போகாம தடுக்கிற பசை) தடவி, ரெண்டையும் முதல்ல விரலாலேயே அஞ்சாறு சுத்து ஏத்துங்க, ஸ்பானரை அப்புறம் எடுங்க, மரை குறுக்க ஏறினா விரலுக்கு உடனே தெரியும். ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்கி, மேனுவல்ல இருக்கிற டார்க் (எவ்ளோ பலமா இறுக்கணும்ங்கிற அளவு) வர்ற வரைக்கும் கொண்டு வாங்க. கேபிள் கண்ணி எல்லாத்தையும் பளபளன்னு தேய்ச்சு மாட்டி, ரப்பர் மூடியை மறக்காம போடுங்க, கேபிள் எக்ஸாஸ்ட்லயோ ஸ்டீயரிங் ராடுலயோ உரசாம இருக்கணும்.

டிஸ்ட்ரிபியூட்டரை சாக்பீஸ் கோட்டுக்கு நேரா உக்கார வச்சு, பிளக் வயரை நம்பர்படி மாட்டுங்க. பேட்டரில எர்த் கடைசி. அந்த கடைசி தொடுதல்ல பெரிய பொறி பறந்தா உடனே கையை எடுத்துட்டு எங்க ஷார்ட்னு பாருங்க. நியூட்ரல்ல போட்டு, காயில் வயர் இல்லாம ரெண்டு மூணு வினாடி சுத்திப் பாருங்க, சத்தம் சீரா வரணும், உலோகம் அரைக்கிற சத்தம் வந்தா நிறுத்திட்டு பேக்கிங் தகட்டை சந்தேகப்படுங்க. சரியா இருந்தா காயில் வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க, ஒரே மூச்சுல பத்து வினாடிக்கு மேல செல்ஃபை பிடிக்காதீங்க, எடுக்கலன்னா கொஞ்ச நேரம் ஆற விட்டு மறுபடி. இன்ஜின் நல்லா சூடாகி ஆறின பிறகு ரெண்டு போல்ட்டையும் கேபிள் நட்டையும் ஒரு தடவை ஸ்பானர் வச்சு பாத்துடுங்க. கேபிள் நட்டை பாக்கிறப்ப மட்டும் மறுபடி எர்த்தை கழட்டிட்டுப் பாருங்க.